ஐந்து மார்க் பதில்

வாத்தியாருக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று உண்டு. வருகைப் பதிவேட்டைத் தவிர வேறெங்கும் அது புழங்கவில்லை. பிள்ளைகள் அவரை ‘வரையறை’ என்றார்கள். கூட வேலை செய்தவர்களும் முதுகுக்குப் பின்னால் அப்படித்தான் சொன்னார்கள். கோபம் வந்தால் வீட்டில் மனைவி முகத்துக்கு நேராகவே சொல்லிவிடுவாள். இருபத்தொன்பது வருடமாக வரலாறும் குடிமையியலும் நடத்திய அந்த மனிதர், இரண்டிலும் முதல் பாடத்தைத் தாண்டி மனசார எதையும் நடத்தியதில்லை. ‘வரலாறு: பொருளும் பரப்பும்.’ ‘அரசாங்கம்: பொருளும் பரப்பும்.’ இந்த இரண்டும்தான் அவருடைய சொத்து.

மற்ற பள்ளிக்கூடங்களில் இந்தப் பாடத்தை இரண்டு பீரியடில் முடித்துவிட்டு ஆளைவிடு என்று அடுத்த பாடத்துக்குப் போய்விடுவார்கள். வரையறை இதற்கு ஐந்து வாரம் எடுத்துக்கொள்வார். கரும்பலகையில் எழுதி, அடியில் இரட்டைக்கோடு போட்டு, ஒவ்வொரு பிள்ளையாக எழுப்பிச் சொல்லச் சொல்வார். ஒரு சொல் பிசகினால் உட்கார முடியாது.

“எழுத்துச் சான்றுகளின் துணைகொண்டு, கடந்த காலத்தில் மனித சமுதாயம் அடைந்த மாற்றங்களைக் கால வரிசைப்படி ஆராய்ந்து கூறும் அறிவுத்துறையே வரலாறு எனப்படும். எழுத்துச் சான்று இல்லாதது செவிவழிச் செய்தியே அன்றி வரலாறு ஆகாது.”

சொல்கிற பிள்ளைக்கு மூச்சு முட்டும். கேட்கிற அவருக்கு உச்சி குளிர்ந்துவிடும். பிறகு அரசாங்கம். பலகையில் ஒரு வட்டம் போட்டு, அதை மூன்றாக வெட்டி, மூன்று அங்கங்களுக்கும் மூன்று நிறச் சாக்பீஸ் பூசுவார். அந்த மூன்று அங்கங்களில் ஏதாவது ஒன்றின் வாசற்படியை அவர் வாழ்நாளில் மிதித்திருப்பாரா என்று கேட்டால், மிதித்ததில்லை. வீட்டுக் குழாயில் தண்ணீர் வரவில்லை என்றால்கூட நகராட்சி அலுவலகத்துக்கு மனைவிதான் போய்ச் சத்தம் போட்டுவிட்டு வருவாள். சாம்ராஜ்யங்களும் புரட்சிகளும் வருடக் கடைசியில் மூன்று வாரத்தில் அடித்துப் பிடித்து ஓடும். ஒரு பேரரசு எழுந்து நின்று விழுவதற்கு அவர் கொடுத்தது ஒரே ஒரு பீரியட்.

இந்தக் கிறுக்கு எங்கே ஆரம்பித்தது என்பதும் தெரிந்த கதைதான். பதினான்கு வயதில் ஒரு பரீட்சையில் ‘வரலாறு என்றால் என்ன’ என்று ஐந்து மார்க் கேள்வி வந்தது. இவர் எழுதிய பதிலை வகுப்பில் உரக்கப் படித்துக் காட்டி, “அஞ்சுக்கு அஞ்சு, எல்லாரும் பார்த்துக்கோங்க” என்று அன்றைய வாத்தியார் சொல்லிவிட்டார். அதற்குமுன் அவரை யாரும் எதற்கும் பாராட்டியதில்லை, அதற்குப் பின்னாலும் இல்லை. கல்யாணத்தின்போது மாப்பிள்ளை வரலாறு வாத்தியார் என்று தெரிந்ததும் சொந்தக்காரர்கள், “ஓ, அப்படியா” என்று சொல்லிவிட்டுப் பந்தி எந்தப் பக்கம் என்று பார்த்தார்கள். கணக்கு வாத்தியார் வீட்டு வாசலில் பெற்றோர்கள் காத்து நின்றார்கள். அறிவியல் டீச்சரிடம் தெருக்காரர்கள் காய்ச்சலுக்கு என்ன சாப்பிடலாம் என்று கேட்டார்கள். வரையறையிடம் யாரும் எதையும் கேட்கவில்லை. அந்த வருத்தம் நியாயமானதுதான். அதை மனசில் வைத்துக்கொண்டு அவர் செய்ததுதான் அநியாயம்.

அவருடைய வரலாற்றில் எதற்கு இடம் உண்டு, எதற்கு இல்லை என்பதில் அவருக்குச் சந்தேகமே கிடையாது. பாடப் புத்தகத்தில் இருந்தால் வரலாறு. ஐம்பது வருடத்துக்கு உட்பட்டதெல்லாம் செய்தித்தாள். கண்முன்னால் நடப்பது வம்பு. ஒரு தடவை முதல் பெஞ்சுப் பெண் ஒருத்தி எழுந்து கேட்டாள்.

“சார், நம்ம பள்ளிக்கூடத்துக்கு வரலாறு இருக்கா சார்?”

“என்ன கேள்வி இது?”

“இதை யார் கட்டினாங்க, பின்னாடி மைதானம் எப்படி வந்துச்சு, அந்த மாதிரி சார்.”

“சிலபஸ்ல இருக்கா?”

“இல்ல சார்.”

“அப்ப உட்காரு.”

பெண் உட்கார்ந்துவிட்டாள். அவள் கேட்ட கேள்விக்குப் பதில் இருபதடி தூரத்தில், மாடிப்படிக்குக் கீழே இருந்த சாமான் அறையில் கிடந்தது. பழைய தலைமையாசிரியர்கள் எழுதிய நாட்குறிப்புப் பதிவேடுகள், விளையாட்டு விழா நோட்டுகள், கடிதக் கட்டுகள் எல்லாம் அங்கே தூசி படிந்து கூரை வரைக்கும் அடுக்கிக் கிடந்தன. எந்த வருடம் எந்தச் சுவர் இடிந்தது, யார் வந்து என்ன கேட்டார்கள், பள்ளிக்கூடம் என்ன பதில் சொன்னது, எல்லாம் அதில் இருந்தது. எழுத்துச் சான்று, எழுத்துச் சான்று என்று தொண்டை வறளக் கத்தியவர் அந்த அறைக்குள் ஒரு நாள்கூட நுழைந்து பார்க்கவில்லை.

நுழைந்தார், ஒரே ஒரு முறை. அதிகாரிகள் பள்ளியைப் பார்வையிட வருகிறார்கள், ஒவ்வொரு பாடத்துக்கும் ஓர் அறை காட்ட வேண்டும் என்று தலைமையாசிரியை சொன்ன வருடம் அது. வரையறை ‘வரலாற்று அறை’க்கு இடம் தேடினார். சாமான் அறையைக் காலி செய்துவிடலாம் என்று அவரே யோசனை சொன்னார், அவரே முன்னால் நின்றார். பழைய பேப்பர்க்காரர் தள்ளுவண்டியோடு வந்தார். பதிவேடுகளைக் கட்டித் தூக்கிக் கொடுத்தது அக்கா.

அக்கா என்றால் பள்ளிக்கூடத்தைப் பெருக்குகிறவள், மணி அடிக்கிறவள், விழுந்து முட்டியைப் பெயர்த்துக்கொண்ட பிள்ளைக்கு மருந்து போடுகிறவள். பிள்ளைகளுக்கு அக்கா, அந்தப் பிள்ளைகளைப் பெற்றவர்களுக்கும் அவர்கள் படித்த காலத்திலேயே அக்கா. பத்தொன்பது வயதில் வேலைக்கு வந்தவள். மைதானத்து மூலையில் தகரக்கூரை போட்ட ஓர் அறையில் முப்பத்துநாலு வருடமாகத் தனியாக இருக்கிறாள்.

“சார், இதுல பழைய பெரிய சார் கையெழுத்தெல்லாம் இருக்கே. வேணாமா?”

“ஏம்மா, இதை வச்சு யாராவது பரீட்சை எழுதப் போறாங்களா? இடத்தை அடைச்சுக்கிட்டு கிடக்குது. தூக்கிப் போடு.”

வண்டி மூன்று நடை போனது. காலியான அறைக்குச் சுண்ணாம்பு அடித்து, வரலாற்றின் வரையறையைக் கொட்டை எழுத்தில் எழுதிச் சட்டம் போட்டு மாட்டினார் வரையறை. எதிர்ச்சுவரில் மூன்று நிற வட்டம். வந்த அதிகாரி எட்டிப் பார்த்து “நல்லா இருக்கு” என்று சொல்லிவிட்டு அறிவியல் அறையைத் தேடிப் போனார். வரலாற்றைக் காட்டுவதற்காக வரலாற்றை எடைக்குப் போட்ட வாத்தியார் உலகத்தில் வேறு எங்கேனும் இருக்கிறாரா என்று தெரியவில்லை. இருந்தால் அந்த ஊர்ப் பிள்ளைகளும் பாவம்.

நாலு வருடம் கழித்துப் பள்ளிக்கூடத்து மதிலில் அரசாங்க அறிவிப்பு ஒன்று ஒட்டப்பட்டது. பக்கத்து மனையில் கிடங்கு வைத்திருப்பவர், பின்பக்க மைதானம் தன் தாத்தாவுடையது, பள்ளிக்குச் சும்மா விளையாடக் கொடுத்தது, இப்போது லாரி நிறுத்த வேண்டும், திருப்பிக் கொடுங்கள் என்று மனு போட்டிருந்தார். முப்பது வருடத்துக்கு மேல் இடையூறில்லாமல் பள்ளிக்கூடமே தன் சொந்த இடமாக ஆண்டு வந்தது என்று காட்டினால் மைதானம் பள்ளிக்கு. காட்டாவிட்டால் கிடங்குக்கு. எழுத்துச் சான்று இருந்தால் கொண்டுவரலாம், இல்லையென்றால் நேரில் பார்த்தவர்கள் சாட்சி சொன்னாலும் ஏற்றுக்கொள்ளப்படும் என்று நாலாவது பத்தியில் தெளிவாகப் போட்டிருந்தது. அதன் பக்கமாகத்தான் குடிமையியல் வாத்தியார் தினம் இரண்டு தடவை நடந்து போனார். முதல் பத்தியைப் படித்துவிட்டு, “இது நிர்வாக விஷயம், நம்ம போர்ஷன்ல வராது” என்று நகர்ந்துவிட்டார்.

மைதானம் போனால் எழுநூறு பிள்ளைகளுக்கு ஓட இடமில்லை. அக்காவுக்கு இருக்க இடமே இல்லை. அந்தத் தகர அறையை விட்டால் அவளுக்குப் போக்கிடம் கிடையாது.

தலைமையாசிரியை சாமான் அறையைத் தேடிப் போய், வரலாற்று அறையைப் பார்த்துவிட்டு, தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். அப்புறம் அக்காவைக் கூப்பிட்டு உனக்கு என்ன ஞாபகம் இருக்கிறது என்று கேட்டார். அக்கா சொல்லச் சொல்ல அவர் முகம் தெளிந்தது. விசாரணை நாளில் பொதுத்தேர்வு மேற்பார்வை இருந்ததால் அவரால் போக முடியவில்லை. பள்ளி சார்பில் யாரை அனுப்புவது?

“சார், வரலாறும் உங்க பாடம், அரசாங்கமும் உங்க பாடம். நீங்களே போயிட்டு வாங்க. நீங்க ஒண்ணும் பேச வேணாம். அக்கா எல்லாம் சொல்லும். அதிகாரி கேட்டா, ஆமா, அது சொல்றது சரிதான்னு சொல்லுங்க. அவ்வளவுதான்.”

அவ்வளவுதான் வேலை. ஐந்து வயதுப் பிள்ளையை அனுப்பியிருந்தாலும் முடித்துவிட்டு வந்திருக்கும். வீட்டில் சட்டைக்கு இஸ்திரி போட்டபடி மனைவியும் எச்சரித்தாள்.

“அங்க போயி பாடம் நடத்தாதீங்க.”

“எனக்குத் தெரியாதா?”

“உங்களுக்கு அது மட்டுந்தானே தெரியும். அதான் சொல்றேன்.”

விசாரணை அறையில் ஒரு நீள மேசை, சத்தம் போடுகிற மின்விசிறி, சுவரோரம் ஆறு நாற்காலி. அதிகாரி கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு எழுதிக்கொண்டிருந்தார். ஒரு பக்கம் கிடங்குக்காரரும் அவருடைய வக்கீலும். இந்தப் பக்கம் அக்காவும் வரையறையும். அதிகாரி உட்காரச் சொல்லியும் அக்கா உட்காரவில்லை.

“முப்பத்துநாலு வருஷமா இருக்கேன் சார். நான் வந்தப்பவே அது பள்ளிக்கூடத்து மைதானம். வேலி கட்டினது பள்ளிக்கூடம், மண் அடிச்சது பள்ளிக்கூடம். ஒரு நாளும் யாரும் வந்து எங்களுதுன்னு சொன்னதில்ல.”

“அதை எப்படி நம்பறது?” என்றார் அதிகாரி.

“பெரிய புயல் அடிச்ச வருஷம் சார், நான் வந்து மூணாவது வருஷம். கிடங்குச் சுவர் விழுந்துடுச்சு. இதோ இருக்காரே, இவரோட அப்பா, மழைக்கோட்டு போட்டுக்கிட்டு, செருப்பை வாசல்ல விட்டுட்டு, பெரிய சார் ரூமுக்கு வந்தாரு. மூட்டையெல்லாம் நனையுது, ரெண்டு வாரம் உங்க மைதானத்துல அடுக்கிக்கட்டுமான்னு கேட்டாரு. பெரிய சார் கோடு போட்ட தாள்ல எழுதி வாங்கிக்கிட்டாரு. மேசையைத் துடைச்சுக்கிட்டு நான் அங்கதான் நின்னேன். பதினாறாவது நாள் காலி பண்ணிட்டு, பிள்ளைங்களுக்கு ரெண்டு பந்து வாங்கிக் குடுத்துட்டுப் போனாரு. ஒண்ணு செவப்பு, ஒண்ணு வெள்ளை.”

அதிகாரியின் பேனா நின்றது. கண்ணாடியை இறக்கிக்கொண்டு அக்காவைப் பார்த்தார், பிறகு கிடங்குக்காரரைப் பார்த்தார். கிடங்குக்காரர் தரையைப் பார்த்தார். சொந்த இடத்துக்கு எவனாவது அனுமதி கேட்பானா? விஷயம் முடிந்தது. அந்த நிமிடத்தில் மைதானம் பள்ளிக்கூடத்தின் கையில் இருந்தது.

வக்கீல் சும்மா வந்த ஆள் இல்லை. பேச்சுக்கொடுத்து ஆளை எடைபோடுவது அவருக்குத் தொழில். அக்காவை அவர் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. வரையறையின் பக்கம் திரும்பி, முகத்தில் மரியாதையைப் பூசிக்கொண்டார்.

“சார் என்ன பாடம் எடுக்கறீங்க?”

“வரலாறு. குடிமையியலும்.”

“எத்தனை வருஷமா?”

“இருபத்தொம்பது.”

“அடேயப்பா. அப்ப உங்ககிட்ட ஒரு சந்தேகம் கேட்கலாமா சார்? எனக்கு இதுல அவ்வளவா விவரம் பத்தாது. ஒருத்தர் ஞாபகத்துல இருந்து சொல்றதை வரலாறுன்னு எடுத்துக்கலாமா?”

இருபத்தொன்பது வருடம். கோட்டு போட்ட ஒரு மனிதர், ஓர் அதிகாரியின் முன்னால், அவரிடம் சந்தேகம் கேட்கிறார். அதுவும் அந்தக் கேள்வியை! வரையறைக்குக் காதுமடல் சூடானது. மைதானம் மறந்தது, மனைவி சொன்னது மறந்தது, ஒரு முழம் தள்ளி அக்கா நிற்பதும் மறந்துபோனது. எழுந்து நின்றார். வகுப்பில் செய்வதுபோல் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

“எழுத்துச் சான்றுகளின் துணைகொண்டு, கடந்த காலத்தில் மனித சமுதாயம் அடைந்த மாற்றங்களைக் கால வரிசைப்படி ஆராய்ந்து கூறும் அறிவுத்துறையே வரலாறு எனப்படும்,” என்று ஆரம்பித்து, “எழுத்துச் சான்று இல்லாதது செவிவழிச் செய்தியே அன்றி வரலாறு ஆகாது,” என்று ஒரு சொல் பிசகாமல் முடித்தார். முடித்ததோடு நிற்கவில்லை. நினைவுக்கும் வரலாற்றுக்கும் உள்ள வேறுபாடுகளில் மூன்றை விரல்விட்டு எண்ணினார்.

“ரொம்பத் தெளிவா சொன்னீங்க சார்,” என்று வக்கீல் உட்கார்ந்துவிட்டார்.

அதிகாரிக்கு நம்ப முடியவில்லை. “சார், நீங்க பள்ளிக்கூடத்து சார்பாதானே வந்திருக்கீங்க? இந்தம்மா சொல்றதை ஆதாரமா எடுத்துக்க வேணாம்னா சொல்றீங்க?”

அப்போதாவது விழித்திருக்கலாம். “இல்லை, பாடத்தில் அப்படி, இங்கே அக்கா சொல்வதுதான் உண்மை” என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொன்னால் வரையறை பிசகிவிடுமே! அரை மார்க் போய்விடுமே!

“கண்டிப்பா சொல்லணும்னா, அதைச் சான்றுன்னு சொல்ல முடியாது சார்.”

“எழுத்துல ஏதாவது இருக்கா?”

“இருந்துச்சு.”

“எங்க?”

“வரலாற்று அறை வைக்கறதுக்காக... அகற்றிட்டோம்.”

கிடங்குக்காரருக்கே சிரிப்பை அடக்க முடியாமல் இருமல் வந்தது. அதிகாரி சிரிக்கவில்லை. “சாட்சியே போதும்னுதான் அறிவிப்புல போட்டிருக்கு. உங்க தரப்பே அந்தச் சாட்சியை வேணாம்னா நான் என்ன பண்ணட்டும்?” என்று கேட்டுவிட்டு, கண்ணாடியை மறுபடி நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு எழுத ஆரம்பித்தார். திரும்பி வரும்போது பேருந்தில் அக்காவுக்கு அவர்மேல் கோபம் இல்லை. என்ன நடந்தது என்று அவளுக்கு அப்போது சரியாகப் புரியவில்லை. தான் எதையாவது தப்பாகச் சொல்லிவிட்டோமோ என்று யோசித்தபடி ஜன்னல் பக்கம் உட்கார்ந்திருந்தாள்.

மூன்று வாரத்தில் உத்தரவு வந்தது. தலைமையாசிரியை படித்துவிட்டு வரையறையைக் கூப்பிட்டு அனுப்பினார். திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. தாளை அவர் கையில் கொடுத்து, “நீங்களே போய் அக்காகிட்ட படிச்சுக் காட்டுங்க. என்னால முடியாது,” என்றார்.

தாழ்வாரத்தில் நின்று அவர் அதைப் படித்தார். இரண்டாவது பக்கத்தில், ‘வரலாற்றை இருபத்தொன்பது ஆண்டுகள் கற்பித்துவரும் பள்ளிப் பிரதிநிதியின் கூற்றுப்படி’ என்று தொடங்கி, மேற்கோள் குறிகளுக்குள் அவருடைய வரையறை முழுசாக இருந்தது. ஒரு சொல் பிசகவில்லை. அச்சில், அரசாங்க முத்திரையோடு. அவருக்கு முதலில் வந்தது என்ன தெரியுமா? சந்தோஷம். சொல்லவே அருவருப்பாக இருக்கிறது, ஆனால் அதுதான் வந்தது. பிறகுதான் உத்தரவின் கடைசிப் பத்திக்கு வந்தார். மைதானம் கிடங்குக்காரருக்கு. மூலையில் உள்ள அறையை முப்பது நாளில் காலி செய்ய வேண்டும்.

அக்காவின் அறை வாசலில் ஆறு விளக்குமாறுகள் சுவரில் சாய்ந்து நின்றன. உள்ளே ஒரு அடுப்பு, ஒரு கட்டில், ஒரு துணிக்கொடி. அலமாரியில் ஒரு பிஸ்கட் டின். மைதானத்தில் பெருக்கும்போது கிடைத்த பொத்தான்கள், தலைக்கிளிப்புகள், பேனா மூடிகளை அதில் போட்டு வைத்திருப்பாள். தொலைத்த பிள்ளை எப்போது வந்து கேட்டாலும் எடுத்துக் கொடுப்பாள். எது யாருடையது, எந்த வகுப்பில் படித்தபோது தொலைத்தது என்று அவளுக்குத் தெரியும்.

“என்ன சார் போட்டிருக்கு? எனக்கு எழுத்துக்கூட்டத்தான் வரும். கவர்மெண்ட் எழுத்து புரியாது. நீங்களே படிங்க.”

வரையறை வாசலில் நின்றே படித்தார். முதல் பக்கம் முடிந்தது. இரண்டாவது பக்கம் வந்தது. “பள்ளிப் பிரதிநிதியின் கூற்றுப்படி, எழுத்துச் சான்றுகளின் துணைகொண்டு, கடந்த காலத்தில்...” அதற்கு மேல் போக முடியவில்லை.

அக்கா தன் பாட்டுக்கு விட்ட இடத்திலிருந்து ஆரம்பித்தாள். “மனித சமுதாயம் அடைந்த மாற்றங்களைக் கால வரிசைப்படி ஆராய்ந்து கூறும் அறிவுத்துறையே வரலாறு எனப்படும். எழுத்துச் சான்று இல்லாதது செவிவழிச் செய்தியே அன்றி வரலாறு ஆகாது.” ஒரு சொல் பிசகவில்லை. இருபத்தொன்பது வருடமாக, வருடத்துக்கு ஐந்து வாரம், அந்த வகுப்பின் ஜன்னலுக்கு வெளியேதான் அவள் தாழ்வாரத்தைப் பெருக்கிக்கொண்டிருந்தாள்.

“அன்னிக்கு அங்க நீங்க சொன்னதும் இதுதானே சார்? நம்ம பாடந்தானே?”

அவர் தலையாட்டினார். முப்பது நாளில் அறையைக் காலி செய்ய வேண்டும் என்ற கடைசிப் பத்தியை மட்டும் படித்து முடித்தார்.

“அதனாலதான் ரூம் போச்சா?”

அதற்கும் தலையாட்டினார்.

அக்கா தாளை வாங்கி நாலாக மடித்துப் பிஸ்கட் டின்னுக்கு அடியில் வைத்தாள்.

“முழுசா அஞ்சு மார்க்கும் குடுத்துட்டாரா சார்?” என்று கேட்டாள். கிண்டலாகக் கேட்கவில்லை. பதிலுக்கும் காத்திருக்கவில்லை. மூன்றாவது பீரியட் முடிகிற நேரம் ஆகிவிட்டது என்று மணி அடிக்கப் போய்விட்டாள்.